காணாமல் போன ஒரு டிகிரி

கருவியின் முள் மூன்றில் நின்றது. அதை வைத்து எழுதிய கட்டுரையிலும் மூன்று டிகிரி என்றே அச்சாகியிருந்தது. ஆனால் கருவியின் சொந்தக்காரர் முள்ளை இரண்டில்தான் வைப்பாராம். போன செவ்வாய்க்கிழமை இரண்டில் வைத்துப் பார்த்தார்கள், சோதனை பலிக்கவில்லை. மூன்றில் வைத்துப் பார்த்தார்கள், அப்போதும் பலிக்கவில்லை. இரண்டு வருடம் ஒரு தடவைகூடத் தவறாமல் பலித்த சோதனை.

அண்ணி மேஜையைச் சுற்றி மூன்றாம் முறை வந்தார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். எதையும் தொடக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள்.

"ஒண்ணும் புரியல," என்றார்.

அண்ணி இதை வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். அண்ணன் இருந்தவரை துப்பறியும் நிலையம் அவனுடையது. அண்ணி ஒரு மருத்துவமனையில் காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்கும் வேலையில் இருந்தார். அண்ணன் போன பிறகு பெயர்ப்பலகையைக் கழற்ற ஏணியில் ஏறியவர், கழற்றாமல் துடைத்துவிட்டு இறங்கினார். அன்றிலிருந்து அவர் துப்பறிகிறார், நான் கூடப் போகிறேன். அதற்கு முன் நான் ரயில் நிலைய அறிவிப்பாளன். என் குரலைப் பதிவு செய்துகொண்டு என்னை அனுப்பிவிட்டார்கள். என் குரலுக்கு இன்னும் வேலை இருக்கிறது. எனக்குத்தான் இல்லை.

"பயணிகள் கவனத்திற்கு," என்றேன். "அண்ணியின் மூளை இன்று அரை மணி நேரம் தாமதமாக வரும்."

அண்ணி சிரிக்கவில்லை. அந்த அறையில் சிரிப்பதே கஷ்டம். அடித்தளத்தில், வெளிப்பக்க ஜன்னல் இல்லாத அறை. சுவர் முழுக்கச் சத்தத்தை உறிஞ்சும் சாம்பல் நிற நுரைப்பஞ்சு. சொன்ன சொல் இரண்டடி போவதற்குள் அடங்கிவிடும். ஒரே நாற்காலி, ஒரே கோப்பை. கண்ணாடிக் கதவில் வெளிப்பக்கமாக ஓர் அறிவிப்புத் தாள்: 'விசாரணை முடியும்வரை மூடியைத் திறக்கக் கூடாது.' அதை வலப்பக்கம் சாய்த்து ஒட்டியிருந்தார்கள். வரும்போது கழுத்தைச் சாய்த்துத்தான் படித்தேன். கழுத்து இன்னும் வலித்தது.

எங்களை வரவழைத்தவர் அந்த ஒற்றை நாற்காலியை எங்களுக்கு விட்டுவிட்டுச் சுவரோரம் நின்றார். ஆராய்ச்சியாளர். முப்பத்தைந்து வயதிருக்கும் பெண். ஏழு வருடமாக இந்த அறையில் தனியாக வேலை செய்பவர். பேச ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு தடவையும் தொண்டையைச் செருமிக்கொண்டார். பேசிப் பழக்கம் விட்டுப்போனவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

"மூணு மணிக்கு விசாரணைக் குழு கூடுது," என்றார். "நான் பொய் அளவு எழுதினேன்னு முடிவு பண்ணிட்டா வேலை போயிடும். கட்டுரையைத் திரும்ப வாங்கணும். அதுக்கப்புறம் எந்த ஆய்வகத்திலயும் என்னை வாசல்ல கூட நிக்க விட மாட்டாங்க."

மணி பதினொன்று.

"முதல்ல இது என்னன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றேன். "நான் பிளாட்பாரம் எண் வரைக்கும்தான் படிச்சவன்."

அவர் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. சுவரை விட்டு நகர்ந்து மேஜைக்கு வந்தார்.

"ஒரே ஒரு அணு தடிமன்ல ஒரு தாள் இருக்குன்னு வைங்க. தேன்கூடு மாதிரி அறுகோணம் அறுகோணமா அணுக்கள். அந்த மாதிரி ரெண்டு தாளை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, மேல இருக்கிறதைத் துளியூண்டு திருப்பினா, குறிப்பிட்ட ஒரு கோணத்துல எலெக்ட்ரான்கள் ஓடுறதை விட்டுட்டு அங்கங்க தங்கிடும். அதிசயமான விஷயம். ஆனா அணுவைக் கண்ணால பார்க்க முடியாது, கையால தொட முடியாது. அதனால அதையே பெருசா செஞ்சேன். அணுவுக்குப் பதிலா துளை. எலெக்ட்ரானுக்குப் பதிலா சத்தம்."

கண்ணாடி மூடிக்குள் இரண்டு வட்டமான எஃகுத் தகடுகள், சாப்பாட்டுத் தட்டைப்போல் இரண்டு பங்கு அகலம். ஆயிரக்கணக்கான துளைகள். நடுவில் மெல்லிய கறுப்புச் சவ்வு. அடித்தகடு அசையாது. மேல்தகடு ஒரு வளையத்தில் உட்கார்ந்திருக்கிறது. தகட்டின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு, வளையத்தில் ஒரு பல். வெட்டு பல்லில் பொருந்தியதும் தகடு நகராது. மூடிக்கு வெளியே இருக்கும் குமிழைத் திருகினால் வளையம் திரும்பும், முள் டிகிரியைக் காட்டும்.

"இந்த ஓரத்துல ஒலிபெருக்கி. சாதாரணமா சத்தம் தகடு முழுக்கப் பரவிடும். ரெண்டு தகட்டுத் துளைகளும் சரியா மூணு டிகிரி விலகி இருந்தா பரவாது. அங்கங்க சில இடத்துல போய் உட்கார்ந்துக்கும். சின்ன மைக் ஒண்ணு மேல ஊர்ந்து போய் எங்கெங்க உட்கார்ந்திருக்குன்னு படம் போடும்."

"குடுத்து வெச்ச சத்தம். எங்க ஸ்டேஷன்ல மனுஷனுக்கே உட்கார இடம் கிடைக்காது."

அவர் லேசாகச் சிரித்தார். அண்ணி அதற்குமேல் சிரிக்க நேரம் தரவில்லை.

"செவ்வாய்க்கிழமை குழு வந்தப்போ நீங்க முள்ளை ரெண்டுல வெச்சீங்க. கட்டுரையில மூணு. ஏன் ரெண்டு?"

அவர் தரையைப் பார்த்தார்.

"குழுத் தலைவரும் இதைத்தான் கேட்டார். நான் பதில் சொல்லல. அவங்களே மூணுல வெச்சுப் பார்த்தாங்க. அப்பவும் சத்தம் பரவிடுச்சு. மூடிக்கு முத்திரை வெச்சுட்டாங்க." தொண்டையைச் செருமினார். "பக்கத்து அறைக்காரர்கிட்ட இன்னொரு சாவி இருக்கு. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை உள்ள வந்திருக்கார். பதிவேட்டுல இருக்கு. அவரை விசாரிங்க."

"நான் கேட்டது அது இல்லையே."

அவர் அந்த ஒற்றைக் கோப்பையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

பக்கத்து அறைக்காரர் கணினியிலிருந்து முகத்தை எடுக்காமலே பதில் சொன்னார். குடையை மறந்து வைத்திருந்தாராம், எடுக்க வந்தாராம். இரண்டு நிமிடம். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் நான் அண்ணியின் காதருகே போனேன். "ஆளைப் பார்த்தாலே தெரியுது. குடை ஒரு சாக்கு. பொறாமை."

"கெடுக்கணும்னு வர்றவன் குமிழைத் திருகிட்டுப் போவான். செவ்வாய்க்கிழமை காலையில முள் அந்தப் பொண்ணு வெச்ச இடத்திலயே இருந்துச்சு. இவர் இல்ல."

"அப்போ யாரு?"

"வாங்க, உட்காருவோம் கொழுந்தனாரே. நின்னா யோசனை வரல."

நடைபாதையில் துளைபோட்ட இரும்பு நாற்காலிகள் சுவரோரம் கிடந்தன. இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். மேல் நாற்காலியைத் தூக்கப் போனவன் அப்படியே நின்றேன். இரண்டு முதுகுப் பலகைகளின் துளைகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, ஊடாகப் பெரிய பெரிய வெளிச்சப் பூக்கள் தெரிந்தன. நாற்காலியை இம்மியளவு திருப்பினேன். பூக்கள் எல்லாம் சட்டென்று சுருங்கின. திரும்ப நேராக்கினேன். விரிந்தன.

"அண்ணி, இங்க பாருங்க. துளை மிளகு அளவுதான். பூ உள்ளங்கை அளவு இருக்கு!"

"துளையும் துளையும் நேரா வர்ற இடம் வெளிச்சம். விலகிப் போற இடம் இருட்டு. கொஞ்சமா திருப்பினா, நேரா வர்ற இடங்கள் தூரம் தூரமா இருக்கும். அதிகமா திருப்பினா நெருங்கி வந்துடும்." அண்ணி உட்கார்ந்துகொண்டே சொன்னார். "சத்தம் உட்காருறதும் அந்த இடங்கள்லதான். ஒரு டிகிரி மாறினா மொத்தப் படமும் மாறிடும். அந்தப் பொண்ணு பாவம், அந்த ஒரு டிகிரிக்காகத்தான் நிக்குது."

கைப்பையிலிருந்து ஆராய்ச்சியாளரின் குறிப்பேட்டையும் கட்டுரையையும் எடுத்து மடியில் விரித்தார். குறிப்பேட்டில் தேதி தேதியாக எழுதியிருந்தது. கோணம்: இரண்டு. கோணம்: இரண்டு. கட்டுரையில் அதே தேதிகளுக்கு எதிரே மூன்று.

"நூத்தி நாப்பது தடவை," என்றார். "எல்லாத்திலயும் வித்தியாசம் சரியா ஒண்ணு. பொய் சொல்றவங்களால இவ்வளவு ஒழுங்கா இருக்க முடியாது. ஒரு நாள் ரெண்டரைன்னு எழுதுவாங்க, ஒரு நாள் மறந்துடுவாங்க. இந்தப் பொண்ணு பொய் சொல்லல. கூட்டல் போட்டிருக்கு. எங்கேயோ ஒரு டிகிரி ஒளிஞ்சிருக்கு. எங்கன்னு அதுக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே? வேலை போகப் போகுது."

அண்ணி குறிப்பேட்டை மூடினார். "ஆஸ்பத்திரியில காதுல மாட்டி விட்டு, சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்கன்னு சொல்வேன். சில பேர் கேட்காமலே அமுக்குவாங்க. ஏமாத்துறதுக்கு இல்ல. கூட வந்தவங்க மனசு நோகக் கூடாதுன்னு. அந்த மாதிரி முகம் எனக்குத் தெரியும். இந்தப் பொண்ணு யாருக்காகவோ வாயை மூடிக்கிட்டு இருக்கு."

"யாருக்காக? ஒரு நாற்காலி, ஒரு கோப்பை. அதுக்குன்னு யாரும் இருக்கிற மாதிரியே தெரியலையே."

"அதான் எனக்கும் புரியல." அவர் இரும்பு நாற்காலியின் துளைகளை விரலால் தடவினார். "சத்தம் ஒரு இடத்துல உட்கார்ந்துக்கும்னு அது சொன்னப்போ எனக்கு வேற நினைப்பு வந்துச்சு. உங்க குரலாவது ஸ்டேஷன்ல இருக்கு. உங்க அண்ணன் குரலை யாரும் எதிலயும் பிடிச்சு வைக்கல."

ஒரு நகைச்சுவை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. கட்டுரையைக் கையில் எடுத்து, அதிலிருந்த கருவியின் புகைப்படத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன். பாவனைதான். ஆனால் கண் ஓர் இடத்தில் நின்றது.

"அண்ணி, மேல்தகட்டுல இது என்ன? டம்ளர் வெச்ச தடம் மாதிரி?"

அண்ணி படத்தைப் பிடுங்கினார். துளைகளின் ஊடே பழுப்பு நிறத்தில் ஒரு துரு வளையம்.

இரண்டு பேரும் கருவி இருந்த அறைக்கு ஓடினோம்.

கண்ணாடி மூடிக்குள் மேல்தகடு புதுப்பெண்போல் மினுங்கியது. துருவும் இல்லை, வளையமும் இல்லை.

"குழு வர்றதுக்கு முன்னாடி கட்டடம் முழுக்கச் சுத்தம் பண்ணாங்க," என்றார் ஆராய்ச்சியாளர். "அன்னைக்குக் காலையில நானும் பார்த்தேன். யாரோ துடைச்சிருக்காங்கன்னு நினைச்சேன்."

"துரு துடைச்சா போகாது. தேய்க்கணும். தேய்ச்சா கீறல் விழும்." அண்ணி மூக்கு கண்ணாடியில் படும் அளவுக்குக் குனிந்தார். "ஒரு கீறல்கூட இல்ல."

எனக்கு மூச்சு வாங்கியது. கதவோரம் சாய்ந்து நின்றேன். கண்ணாடிக்கு அப்பால் ஒட்டியிருந்த அறிவிப்பின் முதுகு தெரிந்தது. பழக்கதோஷத்தில் கழுத்தை வலப்பக்கம் சாய்த்தேன். இன்னும் கோணலாகத் தெரிந்தது.

"என்ன கொடுமை இது! வெளியிலேர்ந்து பார்த்தா வலப்பக்கம் சாயுது. உள்ளேர்ந்து பார்த்தா இடப்பக்கம் சாயுது. என் கழுத்துக்கு ஒரு முடிவு சொல்லுங்கப்பா."

அண்ணி மெல்லத் திரும்பினார். தாளைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"தாமதமா வந்தாலும் வந்து சேர்ந்துடுச்சு கொழுந்தனாரே," என்றார். "இந்தத் தகடுகளைச் செஞ்சது யாரு?"

ஆராய்ச்சியாளரின் முகம் வெளிறியது. "அது எதுக்கு? அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"யாருக்காக வாயை மூடிக்கிட்டு இருக்கீங்கன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு."

பணிமனை சுவருக்கு அந்தப் பக்கம்தான். இரண்டுக்கும் நடுவே சின்ன ஜன்னல் ஒன்று இருந்தது. வேலைச் சீட்டை அதில் வைத்தால் மறுநாள் பொருள் அதில் வந்திருக்கும். பக்கத்தில் இருந்த கதவைத் திறக்கப் பதிவேட்டில் கையெழுத்துக்கூட வேண்டாம்.

அங்கே தகடு, கருவிப் பாகங்கள் செய்யும் ஃபிட்டருக்கு ஐம்பத்தெட்டு வயது. பணிமனையில் அவர் ஒருவர்தான். பட்டறை மேஜையில் ஒரு கம்பியில் நூற்றுக்கணக்கான சீட்டுகள் குத்தப்பட்டிருந்தன. எல்லாமே ஒரே கையெழுத்து.

"இதெல்லாம் மேடம் எழுதினது," என்றார். "வேலை முடிஞ்சா மத்தவங்க சீட்டைக் கிழிச்சுப் போட்டுடுவாங்க. இவங்க 'நன்றி'ன்னு எழுதித் திருப்பி வைப்பாங்க. ஏழு வருஷத்துல நேர்ல பேசினதில்ல. பார்த்தா தலையாட்டுவாங்க, நானும் ஆட்டுவேன். மேடத்துக்கு ஏதோ பிரச்சினையாமே?"

"மேல்தகட்டை நீங்க சுத்தம் பண்ணீங்களா?" என்று அண்ணி கேட்டார்.

"ஆமா, திங்கட்கிழமை சாயங்காலம். பெரிய மனுஷங்க வர்றாங்க, தகடு துருவோட இருந்தா மேடத்துக்குத்தானே அசிங்கம்? எண்ணெய் போட்டுப் பார்த்தேன், கறை போகல. அடிப்பக்கம் புதுசு மாதிரி இருந்துச்சு. அப்படியே திருப்பிப் போட்டேன். துளை ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே? வெட்டு பல்லுல சரியா உட்கார்ந்துச்சு. கோணத்தை நான் தொடவே இல்லைங்க."

"நம்ம வீட்டுப் படுக்கை விரிப்பு மாதிரி," என்று நான் முணுமுணுத்தேன். "கறை இருந்தா மறுபக்கம்."

"மேல்தகட்டுக்குத் துளை போட்ட மாதிரித் தகடு இருக்கா?" என்றார் அண்ணி.

அவர் பெருமையோடு சுவரிலிருந்து இறக்கினார். அதைத் தகட்டின்மேல் வைத்துத்தான் துளைகளின் இடத்தைக் குறிப்பாராம். நடுவில் ஓர் ஆணி. விளிம்பைச் சுற்றி வரிசையாகத் துளைகள், அதில் ஒன்றில் இன்னோர் ஆணி, அது தகட்டின் வெட்டில் உட்காரும். "முதல்ல அடித்தகடு போட்டேன். அப்புறம் விளிம்பு ஆணி உடைஞ்சிடுச்சு. புதுசு மாட்டி மேல்தகடு போட்டேன். அதோட கழற்றவே இல்ல."

"அந்த ஆணி எந்தத் துளையில இருக்கணும்?"

"சிவப்புப் புள்ளி வெச்ச துளையில." விரலை வைத்துக் காட்டப் போனவர் நிறுத்தினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். சிவப்புப் புள்ளி வைத்த துளை காலியாக இருந்தது. ஆணி அதற்கு அடுத்த துளையில் நின்றது.

"விளிம்பைச் சுத்தி எவ்வளவு?" அண்ணியின் குரல் மென்மையாக இருந்தது.

"ஆயிரத்து எண்ணூறு மில்லிமீட்டர்."

"துளைக்கும் துளைக்கும்?"

"அஞ்சு."

"ஆயிரத்து எண்ணூறை முந்நூத்தி அறுபதால வகுத்தா?"

அவர் வகுத்தார். உதடு மட்டும் அசைந்தது. ஒரு துளை தள்ளினால் சரியாக ஒரு டிகிரி.

கம்பியிலிருந்த சீட்டுகளைப் புரட்டி ஒன்றை உருவினார். 'மேல்தகடு பெற்றேன். அளவு சரி. நன்றி.'

"அளவு சரின்னு எழுதியிருக்காங்களே."

"சரி இல்லைன்னு முதல் நாளே அந்தப் பொண்ணுக்குத் தெரியும். அதனாலதான் முள்ளை எப்பவும் ரெண்டுல வெச்சுது. உங்க துளையில இருந்த ஒண்ணோட சேர்ந்து மூணு. யாருகிட்டயும் சொல்லல. ஏன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஃபிட்டர் சுவரில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்தார். அதில் வேலையில் செய்த பிழைகளுக்காக அவர் பெயருக்கு இரண்டு மெமோ குத்தியிருந்தது. மூன்றாவது வந்தால் வேலை இல்லை. வருகிற போகிற எல்லோர் கண்ணிலும் படும் இடம் அது. ஜன்னல் வழியாகப் பார்த்தாலும் தெரியும்.

அவர் மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்தார். மாதிரித் தகட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"குழு எங்க கூடுது?" என்றார்.

மூன்று மணிக்கு அந்த ஒற்றை நாற்காலி அறையில் பத்துப் பேர் நின்றோம். ஃபிட்டர் மாதிரித் தகட்டை மேஜையில் வைத்து, ஆணியைக் காட்டி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

"அண்ணா, நீங்க ஏன் வந்தீங்க?" என்றார் ஆராய்ச்சியாளர். ஏழு வருடத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் வார்த்தை அது.

"நீங்க மட்டும் தனியா நிக்கலாமா மேடம்?"

தலைவர் தாடையைத் தடவினார். "மெமோ விஷயம் வேற, அதைப் பிறகு பார்க்கணும்."

"அளவு சரின்னு கையெழுத்து போட்டது நான்," என்றார் ஆராய்ச்சியாளர். இந்தத் தடவை தொண்டையைச் செருமவில்லை. "மெமோன்னா எனக்கும் சேர்த்துக் குடுங்க."

"இதெல்லாம் நீங்க சொல்ற கதை. தகட்டைத் திருப்பிப் போட்டுக் காட்டணும்னா முத்திரையை உடைக்கணும். அதுக்கு அனுமதி வர ஒரு மாசம் ஆகும். தீர்மானம் இன்னைக்கே எழுதணும்," என்றார் தலைவர்.

"தகட்டைத் தொடவே வேண்டாம்," என்றார் அண்ணி. "குமிழ் வெளியிலதானே இருக்கு?"

ஆராய்ச்சியாளர் ஒரு கணம் விழித்தார். பிறகு சட்டென்று பாய்ந்து குமிழைப் பிடித்தார். முள் மூன்றைத் தாண்டி நகர்ந்து நின்றது. ஒலிபெருக்கியை முடுக்கினார். மைக் மெதுவாக ஊர்ந்தது. திரையில் வரிசை வரிசையாகப் படம் விழுந்தது. முதலில் இருட்டு. பிறகு ஒரு பிரகாசமான புள்ளி. ஒரு சாண் தள்ளி இன்னொன்று. நடுவில் ஒன்றுமே இல்லை. சத்தம் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

தலைவர் அண்ணியிடம் பேனாவை நீட்டினார். "எழுதிக் குடுங்க. தீர்மானத்தோட இணைக்கிறேன்."

தாள் கிடைக்கவில்லை. ஃபிட்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு வெற்று வேலைச் சீட்டைக் கொடுத்தார். அண்ணி நின்றபடியே எழுதினார்:

'மேல்தகட்டின் துளைகள் ஒரு டிகிரி தள்ளி உள்ளன. தகடு சரியாக இருந்தவரை, முள் இரண்டு, துளை ஒன்று, கூட்டினால் மூன்று. இப்போது தகடு கவிழ்ந்து கிடப்பதால், கதவில் ஒட்டிய தாளைப் போல அந்த ஒன்று எதிர்ப்பக்கம் சாய்கிறது, அதைக் கழிக்க வேண்டும். எனவே முள்ளை நான்கில் வைக்கவும்.'